காளான்: அடுப்பு தீர்க்கும் நஞ்சும் தீர்க்காத நஞ்சும்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது உப்பூர். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்தால் இந்தப் பக்கத்து வரப்புகளிலும் புற்றடியிலும் காளான் தலைகாட்டும். கடைகளிலோ எந்த மாதமும் பொட்டலக் காளான் கிடைக்கிறது. வளர்ப்புக் காளானிலும் இயற்கையான நச்சுப் பொருட்கள் சிறிதளவு உண்டு. ஆனால், அவை பெரும்பாலும் சூட்டுக்கு அடங்கிவிடும். தானாக முளைக்கும் காளான்களில் சிலவற்றின் நஞ்சை எந்த அடுப்பும் அடக்காது. இந்த வேறுபாடு தெரிந்தால் வீண் பயமும் வராது, விபரீதமும் நேராது.

எந்தக் காளானில் என்ன?

மொட்டுக்காளானில் அகாரிட்டின் என்ற பொருள் இருக்கிறது. ஒரு கிலோ பச்சைக் காளானில் ஏறத்தாழ 200 முதல் 500 மில்லிகிராம் வரை. 1986-இல் அமெரிக்காவில் பேலா டோத் குழுவினர் எலிகளுக்குப் பச்சை மொட்டுக்காளானைத் தொடர்ந்து கொடுத்தபோது கட்டிகள் உண்டாயின. மனிதருக்கும் அப்படி ஆகும் என்பதற்குச் சான்று போதாது. அதனால் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அகாரிட்டினை மூன்றாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருமா என்று வகைப்படுத்த முடியாதவற்றில், வைத்திருக்கிறது.

நம் கடற்கரை வெக்கையில் எளிதாக வளர்வது பால்காளானும் சிப்பிக்காளானும்தான். பால்காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தை விரும்பும். அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.பி.கே. 2 இந்த இனமே. சிப்பிக்காளானிலும் வைக்கோல் காளானிலும் செல்களைத் துளைக்கும் புரதங்கள் உள்ளன. நன்றாகச் சமைத்தால் அவை செயலிழக்கும். ஷிடாகே காளானை அரைவேக்காட்டில் தின்ற சிலருக்கு, சாட்டையால் அடித்ததுபோல் உடம்பில் சிவந்த கோடுகள் தோன்றும்.

வாணலியில் நடப்பது

மொட்டுக்காளானை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் அகாரிட்டினில் பாதி தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். வறுத்தால் 35 முதல் 70 சதவீதம் வரை குறையும். அடுமனையில் உலரச் சுட்டால் கால் பங்குதான் குறையும். ஆகவே சாலட்டில் பச்சையாகத் தூவிச் சாப்பிடுவதைத் தவிர்ப்பது நல்லது.

நறுக்கிய காளான் வாணலியில் முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றி, துண்டுகள் சுருங்கும்வரை வதக்குங்கள். பொட்டலம் வாங்கும்போது பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் வேண்டாம்.

வளர்ப்போர் கவனத்துக்கு

சிப்பிக்காளான் முற்றினால் குடிலுக்குள் வெண்புகைபோல வித்துத்தூள் பறக்கும். அதை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வரலாம். நாளடைவில் நுரையீரல் கெடவும் கூடும். காளானின் ஓரம் மேல்நோக்கி மடங்கும் முன்பே பறித்துவிடுங்கள். முகக்கவசம் அணியுங்கள், குடிலில் காற்றோட்டம் வையுங்கள்.

அடுப்புக்கு அடங்காதது

அமானிட்டா வகைக் காளான்கள் சிலவற்றில் உள்ள அமாடாக்சின் கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. 2022 ஏப்ரலில் அசாமில், பறித்துவந்த காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். இந்த நஞ்சு உள்ளே போய் ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் குணமானதுபோல் தெரியும்; அதற்குள் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும்.

மழைக்குப் பின் புல்வெளியில் வெள்ளைக் குடைபோல நிற்கும் இன்னொரு காளான் உண்டு. முற்றியதும் அதன் அடிப்பக்க மடிப்புகள் பச்சை நிறமாகும். தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் நஞ்சைக் காட்டாது. இனம் உறுதியாகத் தெரியாத காளானைத் தொடாதீர்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால், வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் பொதிந்து கூடவே எடுத்துப்போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.