நதிக்கு இடம் தரும் நகரம்

எதிர்கால நகரங்களில் ஆறுகளுக்கு உரிய இடம் யாது? இவ்வினாவை மாணவர் முன் வைத்து, தேசீயத் தூய கங்கை இயக்கமும் தேசீய நகர்ப்புற விவகாரக் கழகமும் 2020-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரைப் போட்டியைத் தொடங்கின.

இவ்வினாவின் அவசரத்தை டில்லி மாநகர் நன்கு உணர்த்தும். அங்கு வஜீராபாத் முதல் ஓக்லா வரை யமுனை பாயும் தூரம் சுமார் 22 கிலோமீட்டரே. நதியின் முழு நீளத்தில் இது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. எனினும், நதியை அடையும் மாசில் பெரும்பகுதி இங்கேதான் கலக்கிறது. 2023 ஜூலையில் வெள்ளம் 208.66 மீட்டர் மட்டத்தை எட்டி, 1978-ஆம் ஆண்டின் உச்சத்தையும் கடந்தது.

சாலைக்கும் மனைக்கும் ஒதுக்கியது போக எஞ்சுவதே நதிக்கு என்னும் வழக்கம் மாறுதல் வேண்டும். வெள்ளம் பரவும் நிலத்தை வரைபடத்தில் முதலிற் குறித்து, கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விடுதல் முறையாகும். நாளைய வரைபடங்களைத் தீட்டப்போகும் மாணவர் இதனை இன்றே ஆராய்வது நற்றொடக்கமாம்.