வாலாஜாபாத் டு வொண்டர்லா: ஒரு நாளா, இரண்டு நாளா?

கோயில் திருவிழாவில் ராட்டினம் ஏற ஒரு டிக்கெட், மரணக் கிணறு பார்க்க இன்னொரு டிக்கெட். பையில் இருக்கும் காசைப் பார்த்து ஏறுவோம். தீர்ந்ததும் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவோம். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனாலும் இதே கணக்குத்தான். எவ்வளவு நேரம் இருந்தோம் என்று யாரும் பார்ப்பதில்லை, எத்தனை ஏறினோம் என்பதுதான் கணக்கு.

தீம் பார்க் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அங்கே மொத்தப் பணத்தையும் வாசலிலேயே கட்டிவிடுகிறோம். ஒரு ரைடில் ஏறினாலும் இருபதில் ஏறினாலும் தொகை ஒன்றுதான். அமெரிக்காவில் 1955-ல் திறந்த டிஸ்னிலேண்டுகூட முதலில் நம் திருவிழா மாதிரி ரைடுக்கு ஒரு சீட்டு கிழித்த இடம்தான். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் என்ற ஏற்பாட்டுக்கு அது 1982-ல்தான் முழுமையாக மாறியது. இந்த ஏற்பாட்டில் நாம் காசு கொடுத்து வாங்குவது பூங்காவுக்குள் இருக்கும் நேரத்தை. பதினொரு மணிக்குத் திறக்கும் பூங்காவுக்குள் இரண்டு மணிக்கு நுழைந்தால், கட்டிய பணத்தில் கணிசமான பங்கு வழியிலேயே கரைந்துவிட்டது. வாலாஜாபாத்திலிருந்து கிளம்பும் குடும்பம் போட வேண்டிய திட்டம் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு தீம் பார்க் புதிதல்ல. பள்ளிச் சுற்றுலா என்றாலே வண்டலூர் உயிரியல் பூங்கா, மாமல்லபுரம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. அல்லது எம்.ஜி.எம். என்று தலைமுறையாக ஒரு பாதை இருக்கிறது. தவணை முறை வியாபாரத்தைத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கிய வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பத்தின் பூங்காதான் வி.ஜி.பி. வாசலில் சிரிக்காமல், கண் இமைக்காமல் நிற்கும் ‘சிலை மனிதர்’ முன்னால் வேடிக்கை காட்டிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த நவோதயா அப்பச்சன் அதை உருவாக்கினார். பெங்களூரு நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்டும் சேர்ந்துகொண்டது.

இப்போது பேச்செல்லாம் வொண்டர்லா. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பர் 2-ம் தேதி மக்களுக்குத் திறந்தார்கள். கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வருக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ஐந்தாவது பூங்கா இது. 64 ஏக்கருக்குச் சற்று மேல் பரப்பு, 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடுகள். நிலம் வாங்கிய பிறகும் உள்ளாட்சி கேளிக்கை வரிச் சிக்கலால் வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அரசு விலக்கு தந்த பிறகே வேகம் பிடித்தது. ‘தஞ்சோரா’ என்ற ரோலர் கோஸ்டர்தான் எல்லாரும் சொல்லும் பெயர். தண்டவாளம் தலைக்கு மேலே ஓட, இருக்கை அதிலிருந்து தொங்கும், கால்கள் அந்தரத்தில். சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபிலார்ட் நிறுவனம் இந்த வகையில் இந்தியாவுக்குச் செய்து தந்த முதல் கோஸ்டர் இது.

திறப்பின்போது நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது. அறிமுக விலை என்றுதான் அறிவித்தார்கள். ஆகவே போவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் அன்றைய தேதிக்கு என்ன கட்டணம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு நால்வருக்கும் அதே கட்டணம் என்று வைத்தால் 5,956 ரூபாய். மாதச் சம்பளத்தில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் போக மிஞ்சுவதில் இதை ஒரே மாதத்தில் எடுப்பது ஒரகடம் கம்பெனியில் வேலை செய்பவருக்கும் கஷ்டம், தறி நெய்பவருக்கும் கஷ்டம். தீபாவளிச் சீட்டு போடுவதைப் போல மாதம் ஆயிரம் என்று ஒதுக்கினால் ஆறு மாதத்தில் டிக்கெட் பணம் கையில் இருக்கும். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேறு பணம் வேண்டும். கடைசி நேரத்தில் கடன் வாங்கிப் போகிற பயணத்தில் பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டாலே அப்பாவின் முகம் சுருங்கிவிடும். அதற்காகவாவது முன்கூட்டியே சேர்ப்பது நல்லது.

கட்டணத்தில் குறையக்கூடிய இடங்கள் சில உண்டு. வார நாட்களில் கட்டணம் குறைவு, சனி ஞாயிறில் கூடுதல் என்பது பெரிய பூங்காக்களின் பொதுவான வழக்கம். வொண்டர்லாவில் ஆன்லைனில் முன்பதிவு செய்தால் பத்து சதவீதமும், அடையாள அட்டை காட்டும் கல்லூரி மாணவர்களுக்கு இருபது சதவீதமும் தள்ளுபடி அறிவித்தார்கள். காசைவிடவும் வார நாளில் மிச்சமாவது வரிசையில் நிற்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கோஸ்டருக்கு நிற்கும் நேரத்தில் புதன்கிழமை மூன்று ரைடு ஏறிவிடலாம். சீக்கிரம் ஏறுவதற்கென்றே தனிக் கட்டணத்தில் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் விற்பார்கள். வார நாளில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

கம்பெனி வேலைக்காரர்களுக்கு ஞாயிறுதானே விடுமுறை என்று கேட்கலாம், உண்மைதான். ஆனால் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை பக்கம் நெசவு வீடுகளில் அமாவாசையன்று தறியில் உட்காராத வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. காலாண்டு, அரையாண்டு விடுமுறையை ஒட்டி வார நாளில் ஓர் அமாவாசை வந்தால், கூலி இழப்பில்லாமல் குடும்பத்தோடு கிளம்ப அதைவிட நல்ல நாள் கிடையாது. ஷிஃப்டில் இருப்பவர்கள் வார விடுப்பை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். கிருத்திகை நாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திருப்போரூர் கந்தசுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சாலை நகராது.

டிக்கெட் எடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுக்க வேண்டும். நம் பக்கத்துத் தீம் பார்க்குகளில் பெரும்பாலும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தை வயதை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். வொண்டர்லா பூங்காக்களில் 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ. வரை சிறுவர் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம் என்பது நடைமுறை. ஐந்தாம் வகுப்புப் பெண் 141 செ.மீ. இருந்தால் அவள் பெரியவள்தான், வாதாடிப் பயனில்லை. பெரிய ரைடுகளுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. ‘தஞ்சோரா’வைச் சொல்லிச் சொல்லியே அழைத்துப்போன தம்பி, அளவுகோல் முன்னால் நின்று இரண்டு விரற்கடை குறைகிறான் என்றால் அந்த அழுகையை அன்று முழுக்க எந்த ரைடாலும் அடக்க முடியாது. எதில் ஏறலாம், எதில் முடியாது என்று வீட்டிலேயே சுவரில் கோடு போட்டுப் பேசிவிடுங்கள்.

பாட்டி, தாத்தாவை அழைத்துப்போவது பற்றி யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் அவர்கள் ஏறக்கூடிய ரைடுகள் கொஞ்சம்தான். இதய நோய் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் வேகமான ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள், ஏறவும் கூடாது. மேலே மெதுவாகப் போகும் ஸ்கை ரயில் மாதிரி ஒன்றிரண்டில் உட்காரலாம். மீதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து செருப்பும் பையும் காவல் காப்பதுதான் அவர்கள் வேலையாகிவிடுகிறது. ஆயிரத்துக்கு மேல் கொடுத்து ஒரு பெரியவரைப் பை காக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அவர்களும் சந்தோஷமாக நடக்கக்கூடிய இரண்டாம் நாள் ஒன்று இருந்தால் கணக்கே வேறு.

இங்கேதான் தங்கும் அறை வருகிறது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அங்கிருந்து திருப்போரூர் இருபத்தைந்துக்கு மேல். மொத்தம் சுமார் 50 கி.மீ. என்று வையுங்கள். காலையில் எட்டரைக்குக் கிளம்பினாலும் திறக்கும் நேரத்துக்கு வாசலில் நிற்கலாம். ஆகவே முந்தைய இரவு ரூம் எடுப்பது நம் ஊர்க்காரர்களுக்கு வீண் செலவு. திருச்சி, சேலத்திலிருந்து வருபவர்களுக்கு அது அவசியம், நமக்கு இல்லை.

ரூம் தேவைப்படுவது பூங்கா முடிந்த பிறகு. நாள் முழுக்கத் தண்ணீரில் ஆடிய பிள்ளைகள் ஈரத் தலையோடு தூங்கி விழுவார்கள். பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். அந்த நிலையில் இருட்டில் பஸ் மாறி மாறி ஊர் திரும்புவது கடினம். அதனால் இரண்டே வழிகள்தான் உருப்படியானவை. ஒரே நாளில் திரும்புவதென்றால் மூன்று குடும்பம் சேர்ந்து வேன் பேசுங்கள். வாடகையைப் பங்கிட்டால் தலைக்குப் பெரிதாக வராது, திரும்பும் நேரமும் நம் கையில். இரண்டு நாள் என்றால் வேன் வேண்டாம். இரவு தங்கினால் டிரைவர் பேட்டா, ஹால்ட் என்று வாடகை ஏறிவிடும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போய்வருவதே சிக்கனம்.

இரண்டு நாள் திட்டத்துக்கு மாமல்லபுரம்தான் சரியான ஊர். திருப்போரூரிலிருந்து பக்கம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கடற்கரையிலேயே இருக்கிறது. அதைவிடக் குறைந்த வாடகைக்கு ஒத்தவாடைத் தெருவிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் லாட்ஜுகள் உண்டு. சனிக்கிழமை இரவில் கேட்கும் வாடகையும் செவ்வாய்க்கிழமை இரவில் கேட்கும் வாடகையும் ஒன்றல்ல. வார நாளில் போக இன்னொரு காரணம். ரூம் பேசும்போது செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா என்று முதலிலேயே கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு நுழைகிற நமக்கு 24 மணி நேரக் கணக்கு என்றால் மறுநாள் முழுக்கப் பையை வைத்துக்கொள்ள இடம் இருக்கும். எக்ஸ்ட்ரா பெட்டுக்கு எவ்வளவு, வெந்நீர் எப்போது என்பதும் முன்பே பேசிவிட வேண்டியவை. பெரியவர்கள் எல்லாருடைய ஆதார் அட்டையும் கையில் இருக்கட்டும். பில்லில் வரியையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய கணக்கில் பில் போட்டால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கூகுளில் தேடி முதலில் வரும் போன் நம்பரை நம்பி அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். நல்ல ஹோட்டல்களின் பெயரிலும் தீம் பார்க்குகளின் பெயரிலும் போலி இணையதளங்கள் நடத்தி ‘பாதி விலை டிக்கெட்’ என்று பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

பூங்கா நாளுக்கு வேண்டியவை கொஞ்சம்தான். நீர் விளையாட்டுகளில் பருத்தித் துணிக்கும் ஜீன்ஸுக்கும் அனுமதி இல்லை. நைலான், பாலியெஸ்டர் வகை உடை வேண்டும். அங்கே போய் வாங்கினால் விலை அதிகம், காஞ்சிபுரம் கடைத்தெருவிலேயே வாங்கிவிடலாம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளியோதரையோ காஞ்சிபுரம் இட்லியோ கட்டிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே பசியாற உண்டுவிட்டு நுழைந்தால் உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு போதும். லாக்கருக்குத் தனி வாடகை. மழைக்காலத்தில், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில் போவதென்றால் தேதி மாற்ற முடியுமா, பணம் திரும்புமா என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்.

பாதுகாப்பு பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ரைடைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது நடந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாத இறுதியில் வி.ஜி.பி.யில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்றுவிட, 30-க்கும் மேற்பட்டோர் சில மணி நேரம் மேலேயே தவித்தார்கள். தீயணைப்புத் துறையினர்தான் பத்திரமாக இறக்கினார்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தில் ராட்சத இயந்திரங்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. தோள் பட்டையின் பூட்டு சரியாக விழவில்லை என்று தோன்றினால் பின்னால் வரிசை கத்தினாலும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளையின் கையில் அப்பாவின் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். பராமரிப்புச் சோதனை எப்போது நடந்தது என்ற சான்றை ஒவ்வொரு ரைடின் வாசலிலும் தமிழில் ஒட்ட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தினால், இவ்வளவு பணம் கட்டும் மக்களுக்கு அது மிக நியாயமான கைம்மாறு.

இரண்டாம் நாள் காலை அவசரமே இல்லை. பெரியவர்களை ஊரிலேயே விட்டுவந்திருந்தால், அன்று காலை பஸ் ஏறி மாமல்லபுரம் வரச் சொல்லுங்கள். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் ஒரே டிக்கெட்டில் அடங்கும்; இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அர்ச்சுனன் தபசைத் தெருவில் நின்றே பார்க்கலாம். முதல் நாளின் ஒரு டிக்கெட் பணத்தில் பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் இங்கே சுற்றிப் பார்த்து மீன் குழம்புச் சாப்பாடும் முடித்துவிடலாம். வெயில் தாழ்ந்ததும் காஞ்சிபுரம் பஸ். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக வாலாஜாபாத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.