பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையா? டைனமோவைக் கழற்றுமுன் பாருங்கள்

வீராணம் ஏரி நிரம்பி மதகுகள் திறந்ததும் லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சம்பா நடவுக்கான சேற்றுழவு தொடங்கிவிடும். அந்த நாட்களில் டிராக்டர் இரண்டு நாள் நின்றால் நாற்று முற்றும். நடவு ஆட்களும் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். கொட்டகையில் நிற்கும் பழைய அம்பாசடர் காரின் பொறுப்பும் குறைந்ததல்ல. நள்ளிரவில் பிரசவத்துக்குச் சிதம்பரம் போக வேண்டுமென்றால் பல வீடுகளில் அதைத்தான் எடுப்பார்கள். என்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே இந்த இரண்டு வண்டிகளையும் நிறுத்திவிடும் கோளாறு ஒன்று உண்டு. அது பேட்டரியில் சார்ஜ் ஏறாமை.

இதற்கு உழவர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? காலையில் செல்ப் எடுக்கவில்லை என்றதும் புதுப் பேட்டரி வாங்குகிறார்கள். இரண்டு வாரத்தில் அதுவும் இறங்கிவிடுகிறது. பிறகு டைனமோவைக் கழற்றி, காயில் கட்டக் கொடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் உழவர் ஒரே பருவத்தில் ஒரு பேட்டரியும் வாங்கி, டைனமோவுக்குக் காயிலும் கட்டினார். கடைசியில் பார்த்தால், என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறி அறுந்து கிடந்தது. எனவே, எதையும் கழற்றுமுன் எந்த வரிசையில் சோதிப்பது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

அம்பாசடர் கார் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. அதன் பழைய வண்டிகளிலும், அந்தக் காலத்து டிராக்டர்கள் பலவற்றிலும் மின்சாரம் தருவது டைனமோ. பின்னர் வந்தவற்றில் ஆல்டர்னேட்டர் இருக்கும். டைனமோ உள்ள வண்டியில் ஒரு சிறிய கறுப்புப் பெட்டியைக் காணலாம். அதற்குள் கட்-அவுட், ரெகுலேட்டர் என்று இரண்டு பகுதிகள் உள்ளன. டைனமோவின் அழுத்தம் பேட்டரியைவிட உயர்ந்ததும் கட்-அவுட் இரண்டையும் இணைக்கும். என்ஜின் நின்றால் பிரித்துவிடும். மடையில் பலகை போட்டு எடுப்பது போன்ற வேலைதான். ரெகுலேட்டரோ பேட்டரியின் தேவைக்கு ஏற்பச் சார்ஜைக் கூட்டிக் குறைக்கும்.

டீசல் டிராக்டர் ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும். ஆகவே சார்ஜ் ஏறாதது அன்று தெரியாது. மறுநாள் காலையில்தான் தெரியும். பெட்ரோல் கார் அப்படியல்ல. பிளக்கில் பொறி வருவதே பேட்டரி மின்சாரத்தால்தான். முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு இரவில் போனால், பேட்டரி இறங்க இறங்க விளக்கு மங்கி, நடுவழியில் வண்டி நின்றுவிடும். பெட்ரோல் காரில் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் இரவுப் பயணம் வேண்டாம்.

முதலில் முள்ளையும் விளக்கையும் படியுங்கள்

ஆம்பியர் மீட்டர் முள் கிளம்பியவுடன் கூட்டல் பக்கம் சாய்ந்து, சிறிது நேரத்தில் நடுவுக்கு அருகே வந்து நின்றால் அது கோளாறு அல்ல. பேட்டரி நிறைந்துவிட்டது என்பதால் ரெகுலேட்டர் சார்ஜைக் குறைத்திருக்கிறது. இதைப் பார்த்துப் பயந்து ரெகுலேட்டரின் திருகைத் திருப்புபவர்கள் பலர். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

சிவப்பு விளக்கு சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். டைனமோ வண்டியில் மெதுவான ஓட்டத்தில் அது லேசாக மினுக்குவது இயல்பே. வேகம் கூட்டியும் அணையாவிட்டால் பெல்ட்டையும் டைனமோவையும் பாருங்கள். விளக்கு அணைந்தும் பேட்டரி இறங்கினால் டைனமோ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கட்-அவுட்டிலோ, அங்கிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரிலோதான் குறை.

காசில்லாமல் செய்யும் சோதனைகள்

பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் தாழ்ந்தால் சரி. அதிகம் தாழ்ந்தால் பெல்ட் வழுக்கும். துளியும் தாழாவிட்டால் டைனமோ பேரிங் தேயும். சேற்றுழவில் வாரி அடிக்கும் சேறு பெல்ட்டிலும் கப்பியிலும் ஒட்டிக் காய்ந்து விடுகிறது. நம் பகுதியில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. உழவு முடிந்த அன்றே கழுவுங்கள். ஆனால் டைனமோவுக்குள் நேராகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

அடுத்து பேட்டரி முனைகள். வெள்ளை, பச்சைப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துலக்கி, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். எர்த் பட்டையின் இரு முனைகளையும் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள். வோல்ட் மீட்டர் இருந்தால், செல்ப் சுற்றும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வைக்கோலும் நெல்லும் உள்ள கொட்டகையில் எலி ஒயரைக் கடிப்பதும் சாதாரணம். கறுப்புப் பெட்டிக்குப் போகும் ஒயர்களைக் கையால் தடவிப் பாருங்கள்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நிறைவு. 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. என்ஜின் மிதவேகத்தில் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால் தண்ணீர் கொதித்து வற்றும். அது ரெகுலேட்டர் குறை. பேட்டரி மூடியைத் திறக்கையில் பீடி, தீக்குச்சி அருகில் கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கக்கூடியது.

டைனமோவைக் கழற்றாமலே சோதித்தல்

டைனமோவில் இரண்டு ஒயர்கள் இருக்கும். பெரிய முனையில் 'டி' என்றும் சிறியதில் 'எப்' என்றும் பொறித்திருக்கும். என்ஜினை நிறுத்தி இரண்டு ஒயர்களையும் கழற்றி, நுனிகள் எதிலும் படாமல் ஒதுக்குங்கள். பிறகு டைனமோவின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும் மறுமுனையை டைனமோ உடலிலும் வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சிறிது சிறிதாக வேகம் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் வேண்டாம். முள் 20 வோல்ட்டைத் தாண்டவும் விடாதீர்கள். முள் பின்னோக்கிச் சாய்ந்தால் மீட்டர் முனைகளை மாற்றி வையுங்கள். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனையே எர்த்.

முள் தடையின்றி ஏறினால் டைனமோ நலம். கழற்ற வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். அரை அல்லது ஒரு வோல்ட்டோடு நின்றால் பீல்டு காயிலில் குறை. நான்கைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரில் குறை இருக்கலாம். இந்த இரண்டும்தான் காயில் கட்டும் கடைக்குப் போகவேண்டியவை. எந்தப் பகுதியில் குறை என்று நீங்களே சொல்லிக் கொடுத்தால், தேவையற்றதையும் சேர்த்துக் கட்டிக் கூலி கேட்கமாட்டார்கள்.

பிரஷ் தன் கூட்டுக்குள் தடையின்றி ஏறி இறங்க வேண்டும். சுமார் 7 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்தால் மாற்றுங்கள். பிரஷ் உரசும் செம்பு உருளையைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். தேய்க்கவேண்டுமானால் மெல்லிய உப்புத்தாள் போதும். எமரித்தாள் கூடாது, அதன் துகள் செம்புத் தகடுகளின் இடையே தங்கி மின்சாரத்தைக் கடத்தும்.

என்ஜினை நிறுத்திய பிறகும் ஆம்பியர் மீட்டர் முள் கழித்தல் பக்கம் ஓரம்வரை சாய்ந்து நின்றால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். கட்-அவுட் ஒட்டிக்கொண்டு, பேட்டரி மின்சாரம் முழுதும் டைனமோ வழியாகப் பாய்கிறது. உடனே பேட்டரி முனையைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் டைனமோ கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் மேற்சொன்ன 'டி', 'எப்' சோதனை செய்யக்கூடாது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்ப்பதும் கூடாது. உள்ளேயிருக்கும் டையோடுகள் போய்விடும். டிரெயிலரையோ கேஜ் வீலையோ டிராக்டரோடு இணைத்தபடி வெல்டிங் செய்வதானால், முன்னதாகப் பேட்டரி ஒயர்களைக் கழற்றிவிடுங்கள்.

அறுவடை முடிந்து வண்டி நிற்கும் கோடை மாதங்களில் பேட்டரி தானாகவே இறங்கும். இறங்கியபடியே விட்டால் தகடுகள் வெளுத்து, மறுபடி சார்ஜ் ஏற்காமல் போகும். மாதம் ஒருமுறை வெளியில் சார்ஜ் போட்டு, தகடுகள் மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எர்த் முனையைக் கழற்றி வையுங்கள்.