பனியிலும் பச்சை மரம்!

டொரண்டோவிலோ ஒட்டாவாவிலோ உங்கள் பெண்ணோ பிள்ளையோ புது வீடு வாங்கியிருக்கிறார்களா? அங்கே குளிர்காலம் வந்தால் மேப்பிள் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சிகளாக நிற்கும். எங்கு பார்த்தாலும் வெள்ளைதான்! "வாசலில் ஒரு பச்சை மரம் இருந்தால் தேவலையே" என்று யாருக்குத்தான் தோன்றாது?

தாராளமாக வைக்கலாம். ஆனால் நர்சரியில் அழகாக நிற்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். மாப்பிள்ளை பார்க்கிற நிதானம் இதிலும் வேண்டும்!

முதலில் ஊரின் குளிரை அறிந்துகொள்ளுங்கள். கனடாவும் அமெரிக்காவும் குளிருக்கேற்ப மண்டலங்கள் வகுத்து எண் கொடுத்திருக்கின்றன. எண் குறையக் குறையக் குளிர் அதிகம். செடியின் சீட்டில் உள்ள எண் உங்கள் ஊரின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். இரண்டு நாட்டுக் கணக்கும் வெவ்வேறு. எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் பொருந்தியும், வசந்தம் வரும்போது சில மரங்கள் பழுப்பாகிக் கருகி நிற்கின்றனவே, ஏன்? பெரும்பாலும் தாகத்தால்! வெயிலும் காற்றும் பச்சை இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிலமோ உறைந்து கல்லாகியிருக்கும். வேர் எப்படித் தண்ணீர் குடிக்கும்? ஆகவே நிலம் உறையுமுன், இலையுதிர் காலத்திலேயே வேர் நனையத் தண்ணீர் விடுங்கள். தண்டைத் தொடாமல் அடியில் மரப்பட்டைத் துண்டுகளைப் பரப்புங்கள். முதல் குளிர்காலத்தில் காற்றடிக்கும் பக்கம் சாக்குத் துணியால் ஒரு தடுப்புக் கட்டுங்கள்.

இனி, எந்த மரம்?

வெள்ளை ஸ்ப்ரூஸ் கடுங்குளிரையும் தாங்கும். கூம்பு வடிவமாதலால் பனி சறுக்கி விழுந்துவிடும். ஆனால் 50 அடிக்கு மேல் வளரும். ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள்! வடமேற்கில் வைத்தால் குளிர்காற்றைத் தடுக்கும். தெற்கில் வைத்தாலோ அருமையான குளிர்கால வெயிலை மறைத்துவிடும்.

வேலிக்கு வெள்ளை சீடர் நல்லது. 1536-ல் ழாக் கார்த்தியேயின் மாலுமிகள் ஸ்கர்வி நோயில் மடிந்துகொண்டிருந்தபோது, அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஒரு மரத்தின் கஷாயம் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அது இந்த மரம்தான் என்று பலர் கருதுகிறார்கள். 'உயிர் மரம்' என்றே இதற்குப் பெயர்! ஆனால் நீங்கள் கஷாயம் போட்டுவிடாதீர்கள். அளவு மீறினால் விஷம். மான் நடமாடும் இடமானால் இதை மேய்ந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வெள்ளைப் பைன் 1984 முதல் ஒன்டாரியோவின் மாகாண மரம். சாலையில் பனி உருகத் தூவும் உப்பு இதற்கு ஆகாது; கொல்லைப்புறத்தில் வையுங்கள்.

யூ மரத்தின் சிவந்த பழத்தைக் கண்டால் குழந்தைகள் வாயில் போடத் துடிக்கும். அதன் விதையும் இலையும் கொடிய விஷம்! குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

லார்ச் என்று ஒன்று உண்டு. ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகி எல்லாவற்றையும் கொட்டிவிடும். பச்சை மரம் என்று நம்பி ஏமாறாதீர்கள்!

வசந்தத்திலோ இலையுதிர் காலத் தொடக்கத்திலோ நடுங்கள். இன்று இடுப்பளவு இருக்கும் கன்று, பேரக் குழந்தைகள் கல்யாண வயதை எட்டும்போது கூரைக்கு மேல் நிற்கும். அந்த உயரத்தை இப்போதே மனத்தில் அளந்துகொண்டு குழி தோண்டுங்கள்!