வெயிலில் மூச்சிரைக்காத மாடு: எப்படி?

கரீபியக் கடலில் செயின்ட் குரோய் என்று ஒரு தீவு. அங்கே உருவான செனிபோல் இன மாட்டின் முதுகைத் தடவினால் கைக்கு முடியே தட்டுப்படாது. எண்ணெய் பூசித் துடைத்த தோல்போல வழவழவென்று இருக்கும். உச்சி வெயிலில் ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனப் பசு நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது, இது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

ஏன்? மாட்டுக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் அடுப்பு எரிகிறது. தின்ற புல் முதல் வயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் கிளம்பும். பால் அதிகமாகக் கறக்கும் பசு அதிகமாகத் தின்னும். ஆக, அதற்குச் சூடும் அதிகம். அந்தச் சூடு தோல் வழியே வெளியேற வேண்டும். அடர்ந்த முடி கம்பளிபோல மூடினால் எங்கே போகும்?

செனிபோலின் குட்டை முடிக்குக் காரணம், 20ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் ஒரே ஓர் டி.என்.ஏ. எழுத்து விடுபட்டது. புரோலாக்டின் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு அது. எழுத்து போனதால் புரதத்தின் வால் அறுந்துவிட்டது. 2014இல் இதைக் கண்டறிந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், புரோலாக்டின் பால் சுரப்புக்குப் பேர்போன ஹார்மோன். ஆனாலும் இந்த மாடுகளுக்குப் பால் வற்றவில்லை.

இந்த மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், கன்றுக்கு வழவழ முடிதான். ஃபுளோரிடாவில் செனிபோலை ஹோல்ஸ்டீனோடு கலந்து பார்த்தார்கள். கோடையில், அப்படி வழவழ முடியோடு பிறந்த பசுக்களின் உடல் சூடும் குறைவு, பால் இழப்பும் குறைவு.