திரும்பிப் பார்க்கும் காகிதப் பகடை

வெறும் அட்டையில் செய்த ஒரு பகடை, நாம் நடக்கிற பக்கமெல்லாம் திரும்பிப் பார்க்கும். அதற்கு மூன்று சதுரங்கள் போதும்.

கெட்டியான வெள்ளை அட்டையில் 8 செ.மீ. சதுரம் ஒன்று வரையுங்கள். அதை ஒட்டி மேலே ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 'ட' எழுத்தின் வடிவம் வரும். 1, 2, 3 எனக் கறுப்புப் புள்ளிகள் இட்டு வெட்டியெடுங்கள். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டில் அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக விழும். புள்ளிகள் உட்பக்கம் வரும்படி மடித்து, சேரும் விளிம்புகளை வெளியே டேப்பால் ஒட்டுங்கள். கிடைப்பது பகடை அல்ல, பெட்டியின் உள்மூலை.

வைக்கும் விதத்தில்தான் சூட்சுமம். ஒரு சதுரம் கூரையாகவும் மற்ற இரண்டும் சுவராகவும் நிற்க, திறந்த பக்கம் உங்களைப் பார்க்க, கண் மட்டத்துக்குச் சற்று மேலே அலமாரியில் வையுங்கள். நேர் மேலே விளக்கு வேண்டாம். கூரையின் உட்புறம் இருண்டு குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். குழிந்த மூலை புடைத்த பகடையாகிவிடும். அப்படியே பக்கவாட்டில் நடந்தால் அதுவும் கூடவே திரும்பும்!

காரணம் அழகானது. நீங்கள் வலப்பக்கம் நகரும்போது, குழிந்த மூலையின் இடச்சுவர்தான் அதிகம் தெரியும். நிஜப் பகடையென்றால் வலமுகம் அல்லவா அதிகம் தெரிய வேண்டும்? எதிரே இருப்பது பகடை என்று மூளை முன்பே முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை விடாமல் இதை விளக்க ஒரே வழி, பகடையே வலப்பக்கம் திரும்புகிறது என்று கொள்வது. இரு கண்களும் திறந்திருந்தால் அவற்றின் பார்வை வேறுபாடு ஆழத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். செல்போன் கேமராவுக்கு அந்த வசதி இல்லாததால் வீடியோவில் மாயம் இன்னும் துல்லியம்.

பள்ளமான முகமூடி புடைத்துத் தெரிவதும் இதே வகைதான். பிரிட்டிஷ் உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி அதைப் பெரிதும் பேசினார். இந்த வரிசையில் என் மனம் கவர்ந்தது காகித டிராகன். அமெரிக்க மேஜிக் கலைஞர் ஜெர்ரி ஆண்ட்ரஸின் யோசனையிலிருந்து பிறந்து, கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னரின் (1914–2010) ரசிகர்கள் கூடும் சந்திப்புக்காக உருவானது அது. தலை மட்டும் உள்ளே குழிந்திருக்கும். பகடை கைவந்த பிள்ளைகள் அடுத்து அதைச் செய்யலாம்; மூக்கு உள்ளே போகும்படி மடிப்பதில் மட்டும் கவனம் வேண்டும்.