ஆர்.சி. ஸ்கூல்னா என்ன? சேலம் - நாமக்கல் பக்கம் ஒரு 400 வருஷக் கதை!

'ஆர்.சி.'ன்னதும் பைக் ஆர்.சி. புக்தான் ஞாபகம் வருதா? வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. "நான் ஆர்.சி. ஸ்கூல்ல படிச்சேன்"னு யாராவது ஒருத்தர் சொல்வாங்க. ரோமன் கத்தோலிக் என்பதோட சுருக்கம்தான் அது. ஒரு சர்ச், அதே காம்பவுண்டுல ஒரு பள்ளிக்கூடம். இந்த ஜோடி எப்படி வந்துச்சு?

காவி கட்டிய இத்தாலிக்காரர்

ராபர்ட் தெ நொபிலி 1577-ல் பிறந்தவர். 1606-ல் மதுரைக்கு வந்தார். காவி உடை, சைவச் சாப்பாடு, 'தத்துவ போதகர்'னு தமிழ்ப் பெயர் என்று ஒரு துறவியாகவே வாழ்ந்தார். 1623-ல் வடக்கே கிளம்பி, இன்னிக்கு நாமக்கல் மாவட்டத்துல இருக்கிற சேந்தமங்கலத்துக்கும், அங்கிருந்து சேலத்துக்கும் போனார். சேலத்தை ஆண்டவரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் 1625-ல் ஞானஸ்நானம் பெற்றார். இந்தப் பக்கத்து கத்தோலிக்கத் திருச்சபையின் ஆரம்பம் இதுதான்.

ஆனா, இதுல ஒரு சிக்கலும் இருந்துச்சு. சாதி என்பது மதம் சார்ந்தது இல்ல, சமூகப் பழக்கம்தான்னு நொபிலி நினைச்சார். அதனால கிறிஸ்தவரா மாறினவங்க சாதியை விடணும்னு அவர் கேட்கல. 1640-ல் பல்தசார் தா கோஸ்தா என்ற பாதிரியார், மற்ற சாதி மக்களுக்காகத் தனியா 'பண்டாரசாமி'யா மாறினார். மேல்சாதிக்கு ஒரு சாமியார், மத்தவங்களுக்கு வேற சாமியார்! அப்புறம் தமிழ்நாட்டுல பல ஊர்ல சர்ச்சுக்குள்ள இருக்கையும், கல்லறையும்கூட தனித்தனியாச்சு.

பள்ளிக்கூடம் வந்த கதை

பங்குத்தந்தை எல்லா கிராமத்துலயும் இருக்க முடியாது. ஜெபம் சொல்லித்தர உபதேசியார்கள் இருந்தாங்க. பல ஊர்ல ஜெபத்தோட எழுத்தும் கணக்கும் சேர்ந்துச்சு. 1854-ல் வந்த வுட்ஸ் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம்னு சொன்னது. 'அரசு உதவிபெறும் பள்ளி' என்ற ஏற்பாட்டுக்கு வேர் அதுதான். 1930-ல் சேலம் தனி மறைமாவட்டம் ஆச்சு. 1997-ல் தருமபுரி பிரிஞ்ச பிறகு, சேலம், நாமக்கல் மாவட்டங்கள் இதன் எல்லை.

இன்னிக்கு எப்படி நடக்குது?

இந்தப் பள்ளிகள்ல பொதுவா பங்குத்தந்தையோ, கன்னியர் சபையோ தாளாளர் பொறுப்புல இருப்பாங்க. கட்டடம் சபையோடது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்ல இருக்கிற ஆசிரியர்களுக்கு சம்பளம் அரசு தருது. பாடத்திட்டமும் அரசோடதுதான். மத வகுப்பைக் கட்டாயமாக்க முடியாது. அரசியலமைப்பின் 28(3) பிரிவு அதைத் தடுக்குது. அதனாலதான் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது, மத்தவங்களுக்கு நன்னெறி வகுப்பு.

ஃபீஸ் கட்டும் 'கான்வென்ட்' வேற, இது வேற. இங்கே படிக்கிறதுல பெரும்பாலும் எளிய வீட்டுப் பிள்ளைகள். ஆனா, பல சலுகைகள் இவங்களுக்கு லேட்டாதான் வருது. காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளுக்கு 2022-ல் வந்துச்சு. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024-ல்தான். மருத்துவப் படிப்புக்கான 7.5% உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான்.

ஒரே பெஞ்ச், ரெண்டு சான்றிதழ்

சர்ச்ல தனித்தனியா உட்கார்ந்தவங்களோட பிள்ளைகளை ஒரே பெஞ்ச்ல உட்கார வச்சதுதான் இந்தப் பள்ளிகளோட பெரிய விஷயம். ஆனா, பத்தாவது முடிச்சு சாதிச் சான்றிதழ் வாங்கும்போது பெஞ்ச் மறுபடி பிரியுது. 1950-ம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவர்களைச் சேர்க்கல. தமிழ்நாட்டுல தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வர்றாங்க. ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே வகுப்பு. ஆனா, வேற வேற கோட்டா!

உங்க வீட்ல ஆர்.சி. ஸ்கூல்ல படிச்சவங்க இருந்தா, இன்னிக்கே ஒரு கேள்வி கேளுங்க. கிளாஸ்ல அவங்க பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்க, அவங்க இப்போ எங்கே இருக்காங்கன்னு. உங்க ஊர் வரலாறு அந்தப் பதில்ல நிறைய இருக்கும்.